பிரிஸில்லாவின் மஞ்சள் கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஒரு கையில் காபி டம்ளரும் மறு கையில் டார்க் ரெஞ்சுமாகத் தன் வீட்டுக் கார் ஷெட்டில் நின்றிருந்த பிரிஸில்லாவுக்கு ஈரக்குலை நடுங்கியது. ரெஞ்சின் கைப்பிடியில் தெரிந்த எண் முப்பது. அது தொண்ணூறாக இருந்திருக்க வேண்டும்.

இதில் நடுங்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டார்க் ரெஞ்ச் என்பது சாதாரண ஸ்பேனர் இல்லை. எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவைக் கைப்பிடியைத் திருகி முன்கூட்டியே வைத்துவிடலாம். இறுக்கிக்கொண்டே போனால் அந்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். போதும், நிறுத்து என்று அர்த்தம். பைக்கில் பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு முப்பது. பின் சக்கரத்தின் ஆக்சில் நட்டுக்குத் தொண்ணூறு. பின் சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த ஒரு நட்டுதான். முந்தின நாள் சாயங்காலம் பிரிஸில்லா கடைசியாக இறுக்கியது அதைத்தான். அந்த வண்டி இப்போது நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் கிஷோர். பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவன் மனைவி கேத்தரின். கேத்தரின், பிரிஸில்லாவின் சொந்தத் தங்கை.

காபி டம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

முதலில் மனசு என்ன செய்யும்? தப்பிக்கத்தான் பார்க்கும். யாராவது ரெஞ்சை எடுத்துத் திருகியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். யார் திருகுவது? நேற்று எல்லோரும் போன பிறகு ஷெட்டைப் பூட்டியவள் அவள். சாவி அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. வேலை முடிந்ததும் ரெஞ்சை ஆகக் குறைந்த எண்ணுக்கு இறக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கெட்டுவிடும். அலுப்பில் அதைச் செய்யாமல் மேஜையிலேயே போட்டுவிட்டுத் தூங்கப் போனவளும் அவள்தான். காலையில் பெட்டியில் வைக்க வந்தபோதுதான் எண் கண்ணில் பட்டது. அந்த அலுப்பு இல்லாமல் போயிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

பெங்களூர் பிரேசர் டவுனில் இருக்கும் அந்தக் கார் ஷெட்டில் கார் நின்று பல வருஷம் ஆகிறது. ‘ஆறு மணி ரைடர்ஸ்’ என்று நாற்பது பேர் கொண்ட ஒரு கூட்டம். யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு தொலைதூரம் கிளம்பினால், முந்தின சனிக்கிழமை இரண்டு மூன்று பேர் அங்கே கூடி அந்த வண்டியைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். ஆயில், செயின், பிரேக், ஒயர், ஒன்றுவிடாமல். இதற்கென்று விதிகள் உண்டு. விதிகளை எழுதியவள் பிரிஸில்லா. முதல் விதி, தன் வண்டியில் தானே கை வைக்கக் கூடாது, இன்னொருவர்தான் இறுக்க வேண்டும். ஏனென்றால் தன் வண்டி என்றால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, ஒரு நட்டை இறுக்கியவர், நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு அசைந்தால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அஷ்வினுக்குப் பச்சை, கிஷோருக்கு நீலம், பிரிஸில்லாவுக்கு மஞ்சள்.

கோடு விழுந்த நட்டை அதற்கப்புறம் யாரும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். தொட்டால், கோடு போட்டவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். நல்ல மரியாதைதான். நேற்றைக்கு அந்த மரியாதையால்தான் கிஷோரும் அந்த நட்டைத் தொடவில்லை.

நேற்று நடந்ததை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பிரேக் போல்ட்டுகளை முப்பதில் வைத்து இறுக்கிவிட்டுப் பின் சக்கரத்துப் பக்கம் வந்து உட்கார்ந்தபோது கேத்தரின் பஜ்ஜித் தட்டோடு வந்து நின்றாள். கேத்தரினுக்கு வண்டி என்றாலே பயம். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் கிஷோரோடு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டைத் தாண்டி அவள் வண்டியில் போனதில்லை. கல்யாண நாளுக்கு மலைமேல் இருக்கும் சக்லேஷ்பூர் போகலாம் என்று அவன் ஒரு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“அக்கா, இதுல நான் உக்காந்தா ஒண்ணும் ஆவாதே?”

“இங்க வா. காதக் குடு.”

கேத்தரின் குனிந்தாள். பிரிஸில்லா ரெஞ்சைப் போட்டு இழுத்தாள். டக்!

“கேட்டுச்சா? அவ்ளோதான். இனிமே யானை கட்டி இழுத்தாலும் அசையாது.” சொல்லிவிட்டு, பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, நட்டின் மேல் மஞ்சளாக ஒரு கோடு இழுத்தாள். அதில் ஒரு சின்ன சுழிப்பு வேறு. “இந்தக் கோட்டப் பாத்துக்கோ. கண்ண மூடிட்டு ஏறு.”

எண்ணை மாற்றவே இல்லை. தங்கைக்கு முன்னால் பெருமையடித்த வாய்க்கு, கண் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

ஷெட்டிலேயே நின்று கிஷோருக்குப் போன் அடித்தாள். நான்கு முறை. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்பது ஐந்தாவது விதி, கிஷோர் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவன். கேத்தரினின் போன் அணைந்திருந்தது. அவள் என்றைக்குச் சார்ஜ் போட்டாள்?

குரூப்பில் போட்டால்? நாற்பது பேரில் யாராவது அந்தப் பக்கம் இருக்கலாம். டைப் அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி அழித்தாள். போட்டால் அவள் கோடு பொய்க் கோடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொய்க் கோடு போட்டவரின் நிறம் ஒரு வருஷத்துக்குப் பறிபோகும், அந்த ஒரு வருஷமும் அடுத்தவர் வண்டியில் கை வைக்கக் கூடாது. அதுவும் அவள் எழுதியதுதான். தங்கையின் உயிரைவிட மஞ்சள் பேனா பெரிசா என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது, ஆனால் பத்து நிமிஷம் கழித்து.

அப்படித் தோன்றியபோது, அந்தச் சாலையில் இருக்கும் ஒரே ஒருத்தன் ஞாபகத்துக்கு வந்தான். வெங்கி.

வெங்கி ஸ்ரீராம்புரத்துக்காரன். முன்பு இதே கூட்டத்தில் இருந்தவன், சிவப்புக் கோட்டுக்காரன். போன வருஷம் அஷ்வின் வண்டியில் அவன் இறுக்கிய பிரேக் போல்ட் ஒன்று ஆடியது. கிளம்புவதற்கு முன்பே ஷெட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்டுபிடித்தவள் பிரிஸில்லா. அதைப் படம் எடுத்து, வட்டம் போட்டு, குரூப்பில் ‘இந்தச் சிவப்புக் கோட்டை இனி யாரும் நம்ப வேண்டாம்’ என்று எழுதியவளும் அவளே. அன்றைக்கு அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அலைச்சலில் அப்படி ஆகிவிட்டது என்று வெங்கி சொன்னான். “போல்ட்டுக்குக் காரணம் தெரியாது” என்றாள் இவள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் சிவப்புப் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, குரூப்பைவிட்டும் வெளியேறிப் போனான். பிறகு குனிகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து அங்கேயே வீடு எடுத்துவிட்டான் என்று கேள்வி. சக்லேஷ்பூர் போகிறவர்கள் குனிகலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மணி ஏழு ஆக மூன்று நிமிஷம். போன் அடித்தாள்.

“ஹலோ.”

“வெங்கி, பிரிஸில்லா பேசறேன்.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசிலும் அடித்தது.

“சொல்லுங்க” என்றான்.

ஆறு வருஷம் ‘வா, போ, ஏய்’ என்று பேசிய வாய். அந்த ‘சொல்லுங்க’ அவளைச் சுட்டது. சுட்டதைப் பார்க்க நேரமில்லை.

“கிஷோரும் கேத்தரினும் சக்லேஷ்பூர் போயிட்டிருக்காங்க. பின்னாடி ஆக்சில் நட்டு லூஸா இருக்கும். போன் எடுக்க மாட்டேங்கறான். நீ குனிகல்லதான இருக்க?”

“இருக்கும்னா? யாரு இறுக்கினது?”

“நான்.”

“எவ்ளோல வெச்சு?”

“முப்பது.”

“எவ்ளோ வெக்கணும்?”

அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவள் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். “தொண்ணூறு” என்றாள். “கேத்தரின் பக்கத்துல நின்னு பேசிட்டே இருந்தா வெங்கி, அதுல நான்...”

“போல்ட்டுக்குக் காரணம் தெரியாது. நீங்க சொன்னதுதான்.”

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

“எப்பக் கெளம்பினாங்க?”

“அஞ்சே முக்காலுக்கு.”

“அப்ப பைபாஸுக்கு ஏழு இருவதுக்குள்ள வந்துடுவாங்க” என்றான். போன் துண்டிக்கப்பட்டது. போகிறேன் என்றும் சொல்லவில்லை, போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சர்ச்சில் எட்டு மணி ஆராதனையில் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டியவள், நைட் பேன்ட்டின் மேலேயே ரைடிங் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, டார்க் ரெஞ்சையும் ஸாக்கெட்டையும் பைக்குள் திணித்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரோடு காலியாகத்தான் இருந்தது. யஷ்வந்த்பூரில் பூ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொரகுண்டேபாளையா சிக்னலில் ஒரு நாதி இல்லை, ஆனாலும் சிவப்பு விழுந்து தொலைத்தது. தொண்ணூறு விநாடி என்று காட்டியது அந்தப் பலகை. அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பீன்யா தாண்டி வேகம் எடுக்கலாம் என்றால் கை வரவில்லை. தன் வண்டி ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் கேத்தரின் அந்தக் குழியில் இறங்கிய மாதிரியே இருந்தது. நட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். செயின் ஒரு பக்கமாகச் சக்கரத்தை இழுக்கும். நேர் ரோட்டில் இருக்கும் வரைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்க்கும்போதோ, திடீரென்று பிரேக் பிடிக்கும்போதோதான் தெரியும், அப்போது தெரிந்து என்ன செய்ய? இதையெல்லாம் அவள் புதிதாகக் குரூப்பில் சேர்கிறவர்களுக்குப் பாடமாக எடுப்பாள். படம் வரைந்து காட்டுவாள். இப்போது அந்தப் படத்தில் சக்கரத்துக்கு மேலே கேத்தரின் உட்கார்ந்திருந்தாள், கிஷோரின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஏறு என்று சொன்னதே இவள்தானே!

நெலமங்கலா தாண்டி ஓரமாக நிறுத்திப் போனைப் பார்த்தாள். மணி ஏழு முப்பத்தெட்டு. ஒரு மெசேஜ் இல்லை, மிஸ்டு கால் இல்லை. வெங்கிக்கு அடித்தாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. கிஷோரும் எடுக்கவில்லை. ஏழு இருபதுக்கு அவர்கள் நின்றிருந்தால் இந்நேரம் யாராவது ஒருத்தர் சொல்லியிருக்க மாட்டார்களா? நின்றிருந்தால்தானே சொல்வார்கள்?

அதற்கப்புறம் அவள் ஓட்டிய நாற்பது கிலோமீட்டரை அவளால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. எதிர்ப்பக்கம் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு பெங்களூர் நோக்கிப் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே யார் என்று பார்ப்பதற்குத் தலையைத் திருப்பினாள். பார்க்க முடியுமா? பைத்தியம். திருப்பிய அந்த விநாடியில் முன்னால் போன தக்காளி வண்டியின் பின்பக்கத்தை ஒரு முழம் இடைவெளியில் தப்பித்தாள். ஹெல்மெட்டுக்குள் அழுததில் கண்ணாடி பனி பிடித்துப் போக, அதைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினாள். ஆண்டவரே, என் நிறத்தை எடுத்துக்கோ, வண்டியை எடுத்துக்கோ, என்னை வேணும்னாலும் எடுத்துக்கோ என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனாள்.

குனிகல் பைபாஸில் ஒரு டீக்கடை. கடைக்கு முன்னால் கிஷோரின் வண்டி நின்றுகொண்டிருந்தது, முழுசாக, இரண்டு சக்கரத்தோடு. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கேத்தரின் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள்.

பிரிஸில்லாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வண்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டுவிட்டு இறங்கி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்கு ஓடினாள். டீக்கடைக்காரர் பதறி, “ஏனாய்த்து மேடம்?” என்று கன்னடத்தில் கேட்டபடி ஒரு ஸ்டூலை நகர்த்தினார்.

“அக்கா! நீ ஏன் வந்த?” கேத்தரின் எழுந்து வந்தாள். “வெங்கி அண்ணாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. நடு ரோட்டுல லுங்கியோட நின்னு ரெண்டு கையையும் ஆட்டறாரு. பின்னாடி லாரி வருது, நவுரவே மாட்டேங்கறாரு! லாரிக்காரன் எறங்கி வந்து கன்னடத்துல அப்படித் திட்டினான். கேட்டா, ‘பிரிஸில்லா வராங்க, அதுவரைக்கும் யாரும் ஏறாதீங்க’ன்னு சொல்றாரே தவிர வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு.”

வெங்கி வண்டிக்கு முன்னால் கை கட்டிக்கொண்டு நின்றிருந்தான். லுங்கி, பித்தான் மாற்றிப் போட்ட சட்டை, காலில் செருப்புகூட இல்லை. கிஷோர் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் நட்டைப் பார்த்துவிட்டான் என்று பிரிஸில்லாவுக்குத் தெரிந்தது.

“இறுக்கிட்டியா?” என்றாள் வெங்கியிடம்.

“நானா? ஒரு வருஷம் அடுத்தவங்க வண்டில கை வெக்கக் கூடாதுன்னு ரூல். எனக்கு இன்னும் பதினாறு நாள் பாக்கி இருக்கு.”

“போனாவது எடுத்திருக்கலாம் இல்ல?”

“வண்டி ஓட்றவங்ககூட போன்ல பேசக் கூடாது. அதுவும் நீங்க எழுதினதுதான். மறந்துட்டீங்களா? கிஷோரையும் அதனாலதான் எடுக்க விடல.”

ஓங்கி ஒன்று விடலாமா என்று வந்தது அவளுக்கு. அதே நேரத்தில் அந்த வெறுங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா என்றும் வந்தது. இரண்டையும் செய்யாமல் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மஞ்சள் கோடு உடைந்திருந்தது. ஒரு பாதி இரும்பின் மேல் இருந்த இடத்திலேயே இருந்தது. சுழித்துவிட்ட மறுபாதி, நட்டோடு கால் சுற்றுத் திரும்பிப் போய்க் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் நட்டைப் பிடித்துத் திருப்பினாள். திரும்பியது. ஸ்பேனர் இல்லாமல், இரண்டு விரலுக்கே திரும்பியது.

கிஷோர் தலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னதான் ஆச்சு? யாராவது வாயத் தொறந்து சொல்லுங்களேன்!” என்றாள் கேத்தரின். இப்போது அவள் குரல் மாறியிருந்தது.

கிஷோர் வெங்கியைப் பார்த்தான். வெங்கி பிரிஸில்லாவைப் பார்த்தான். சொல்ல வேண்டியவள் அவள்தான், அதற்காகத்தான் அவன் ஒரு மணி நேரமாக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

“கேத்தரின், நேத்து நான் இந்த நட்ட சரியா இறுக்கல. ரெஞ்சுல நம்பர மாத்தாமயே இறுக்கிட்டேன். தொண்ணூறு வெக்க வேண்டிய எடத்துல முப்பது. இப்படியே போயிருந்தீங்கன்னா, மலைப்பாதைல...”

“டக்குன்னு கேட்டுச்சே அக்கா? நான்கூடக் கேட்டேனே?”

“முப்பதுலயும் டக்குன்னுதான் கேக்கும்.”

கேத்தரின் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பிரிஸில்லாவுக்கு. அம்மா செத்த அன்றைக்குக்கூடத் தன் தோளில் சாய்ந்து அழுத தங்கை, இன்று இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

பிரிஸில்லா வேலையைத் தொடங்கினாள். செயினைச் சரிசெய்து, சக்கரம் நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, ரெஞ்சின் கைப்பிடியைத் திருகினாள். எண் தாண்டிப் போனது. திரும்ப வைத்தாள்.

“எவ்ளோ?” என்றான் வெங்கி, மேலிருந்து.

“தொண்ணூறு.”

“காட்டு.”

அவன் குனிந்து பார்த்தான். “தொண்ணூறு” என்று வாய்விட்டுச் சொன்னான். காட்டுங்க என்று சொல்லாமல் காட்டு என்று சொன்னதை அவன் கவனித்தானோ இல்லையோ, அவள் கவனித்தாள்.

இழுத்தாள். இந்த முறை முழங்கையெல்லாம் வலிக்க இழுத்த பிறகுதான் டக் வந்தது. பழக்க தோஷத்தில் ஜாக்கெட் பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்து மூடியைப் பல்லில் கடித்துவிட்டாள். மூடியைத் திரும்பப் பொருத்தினாள்.

“வெங்கி, நான் வர்றதுக்கு முன்னாடி இத போட்டோ எடுத்தியா?”

“எடுத்தேன்.” போனை அவளிடம் நீட்டினான். உடைந்த கோடு தெளிவாகத் தெரிந்தது. “நான்தான் குரூப்ல இல்லையே. வெச்சிருக்கறதோ அழிக்கறதோ, உன் இஷ்டம்.”

அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். வட்டம் போட்டாள். ‘இந்த மஞ்சள் கோட்டை இனி யாரும் நம்ப வேண்டாம்’ என்று அடித்தாள். இந்த முறை அழிக்கவில்லை. அனுப்பிவிட்டு, பேனாவை டீக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அப்போது அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

“அப்ப இதுக்குக் கோடு?” என்றாள் கேத்தரின்.

கிஷோர் தன் வண்டிக்குத் தானே கோடு போடக் கூடாது. வெங்கிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. பிரிஸில்லாவுக்கு இந்த நிமிஷத்திலிருந்து ஒரு வருஷம். வண்டியைக் கரைத்துக் குடித்தவர்கள் மூன்று பேர் நிற்கிறார்கள், நன்றாக இறுக்கிய ஒரு நட்டுக்குக் கோடு போட ஒருத்தருக்கும் உரிமை இல்லை.

“நான் வேணா இப்ப ஒரு தடவ...” என்று கிஷோர் ஆரம்பித்தான்.

“வேணாம்” என்றாள் கேத்தரின். அக்காவிடம் வந்து கையை நீட்டினாள். “அந்த ரெஞ்ச எங்கிட்ட குடு.”

“உனக்கு...”

“குடுக்கா.”

அதுவரை வண்டியில் பெட்ரோல் மூடியைக்கூடத் திறந்து பார்க்காதவள் அவள். ரெஞ்சை வாங்கினாள். கனம் தாங்காமல் கை தாழ்ந்தது. “நம்பர் எங்க இருக்கும்?” என்று வெங்கியிடம் கேட்டாள், அக்காவிடம் கேட்கவில்லை. அவன் தொடாமல் விரலால் காட்டினான். குனிந்து, கண்ணைச் சுருக்கி, எண்ணைப் படித்தாள். “தொண்ணூறு.” பிறகு நட்டில் மாட்டி, வெங்கி சொன்ன பக்கமாக, உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தாள். நட்டு அசையவில்லை. டக்.

“நேத்து சத்தத்த மட்டும்தான் கேக்கச் சொன்ன” என்றாள் முகத்தைத் திருப்பாமலே. “நம்பரப் பாக்கணும்னு நீ சொல்லவே இல்லக்கா.”



கேத்தரின் தன் கைப்பையைத் துழாவி ஒரு நெயில் பாலிஷ் குப்பியை எடுத்தாள். ஊதா நிறம், மினுக்குப் போட்டது, கல்யாண நாளுக்கென்று வாங்கியது. நட்டிலிருந்து இரும்பு வரைக்கும் பொறுமையாக ஒரு கோடு இழுத்தாள். வாயால் ஊதிக் காயவைத்தாள். விதிப்படி அது அவள் வண்டியும் இல்லை, அவளுக்குத் தடையும் இல்லை. வெங்கி அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தான்.

“போலாமா?” என்றான் கிஷோர், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு.

கேத்தரின் ஏறவில்லை. ரெஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்ற பிரிஸில்லாவின் வண்டியைப் பார்த்தாள். அக்கா அந்த வண்டியில்தான் பெங்களூர் திரும்ப வேண்டும்.

“உன்னுத யாரு பாத்தா?”

“போன வாரம் கிஷோர்தான்” என்றாள் பிரிஸில்லா. “நீலக் கோடு இருக்கு பாரு. உடையல.”

“ஏய், நான் ஒழுங்காத்தான் இறுக்கினேன்” என்றான் கிஷோர்.

“நீ சும்மா இரு.” கேத்தரின் போய் அந்தப் பின் சக்கரத்துக்கு முன்னால், ரோட்டோர மண்ணில், புதுச் சுடிதாரோடு முட்டி போட்டு உட்கார்ந்தாள். “வெங்கி அண்ணா, இதுக்கு எவ்ளோ?”

“அதே தொண்ணூறுதான்மா.”

எண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ரெஞ்சை நட்டில் மாட்டாமல், தலையை நிமிர்த்தி, அதை அக்காவிடம் நீட்டினாள்.

“நீயும் பாரு” என்றாள்.

பிரிஸில்லா பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு எண் கலங்கித் தெரிந்தது. ஜாக்கெட் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“தொண்ணூறு” என்றாள்.